விஞ்ஞானக் கணிப்பானில் இணைபுக் குணகம்: நீண்டகாலப் பயன்பாட்டின் பின்னர் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் அறிமுகப் புள்ளிவிபரவியல் கற்கும் மாணவர்களுடன், இரு மாறிகளுக்கான புள்ளிவிபர முறை உள்ள சாதாரண விஞ்ஞானக் கணிப்பானைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரு மாறிகள் நேர்கோட்டில் எவ்வளவு நெருங்கிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை அளக்கும் நேர்கோட்டு இணைபுக் குணகத்தைக் கணிப்பதற்கும், அதன் பொருண்மையை, அதாவது அது வெறும் தற்செயலாக வந்திருக்கலாமா என்பதைச் சோதிப்பதற்கும் இக்கருவி எவ்வளவு தூரம் உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கணினி இல்லாத வகுப்பறையிலும், மின்சாரம் தடைப்பட்ட மாலைகளிலும் இது தடையின்றி இயங்குகிறது. சூரியக்கலமும் சிறிய பொத்தான் பற்றரியும் சேர்ந்திருப்பதால் பற்றரியைப் பற்றி நினைக்க வேண்டிய தேவை அரிதாகவே வருகிறது. தரவுகளை இரண்டு நிரல்களில் இடலாம். பிழையாக இட்ட எண்ணுக்குத் திரும்பிச் சென்று அதை மட்டும் திருத்தலாம். என்னிடமுள்ள கருவி 40 சோடிகளை ஏற்கிறது. அறிமுகப் பயிற்சிகளுக்கு அது தாராளம்.

ஆயினும் குணகத்தை நேரே கேட்கும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. கருவி தரும் கூட்டுத்தொகைகளை முதலில் எடுத்து, இரு மாறிகளும் தத்தம் இடையிலிருந்து (சராசரியிலிருந்து) காட்டும் விலகல்களின் பெருக்கங்களைக் கூட்டி, அதனை அவற்றின் வர்க்க விலகல் கூட்டுத்தொகைகளுடைய பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பார்த்த மாணவருக்கே, விடை ஏன் −1க்கும் +1க்கும் இடையில் அடங்குகிறது என்பது விளங்குகிறது. கையால் செய்யும்போது மட்டந்தட்டலில் மிகுந்த கவனம் தேவை. 2011 முதல் 2016 வரையான ஆறு ஆண்டுகளை மாறியாகக் கொண்டால் அவற்றின் இடை 2013.5, வர்க்க விலகல்களின் கூட்டுத்தொகை 17.5. வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து இடையின் வர்க்கத்தின் ஆறு மடங்கைக் கழிக்கும் சுருக்க வழியில், இடையை 2014 என்று மட்டந்தட்டிவிட்டால் அதே தொகை −12,065 என்று வந்து நிற்கும். வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒருபோதும் மறையாக இருக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் 2010ஐக் கழித்து 1 முதல் 6 வரையான எண்களாக மாற்றிக்கொண்டால் இந்த இடரே இல்லை, குணகமும் மாறாது.

கருவி நின்றுவிடும் இடம் சோதனை. குணகம் 0.75 என்று திரையில் தோன்றியவுடன் ‘வலுவான தொடர்பு’ என்று எழுதி முடித்துவிடும் விடைத்தாள்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த 0.75 ஆறு வயல் துண்டுகளிலிருந்து வந்ததென்று கொள்வோம். சோடிகளின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தால் குணகத்தைப் பெருக்கி, ஒன்றிலிருந்து குணகத்தின் வர்க்கத்தைக் கழித்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ரி-பெறுமானம் 2.27 ஆகும். நான்கு சுயாதீனப் பாகைகளுக்கு (சோடிகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைவு), இருபக்கச் சோதனையில் 5 சதவீதப் பொருண்மை மட்டத்துக்கான அவதிப் பெறுமானம், அதாவது கடக்க வேண்டிய எல்லை, 2.776. எனவே, தொடர்பே இல்லை என்ற சூனியக் கருதுகோளை நிராகரிக்க இத்தரவு போதாது. மாறாக, 50 சோடிகளிலிருந்து வந்த வெறும் 0.30 என்ற குணகம் 2.18 என்ற ரி-பெறுமானத்தைத் தந்து, 2.01 என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. கடந்தாலும் அதன் வர்க்கம் 0.09 மட்டுமே, ஒரு மாறியின் மாறற்றிறனில் (பெறுமானங்களின் பரவலில்) 9 சதவீதத்தையே மற்றையது விளக்குகிறது. பொருண்மையும் வலிமையும் வெவ்வேறு என்பதை இந்த இரண்டு கணக்குகளைப் போல வேறெதுவும் எனக்கு எளிதாகக் காட்டித் தந்ததில்லை. ரி-பரம்பலை 1908இல் ‘ஸ்ரூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கொசெற், டப்ளினில் உள்ள கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றியவர். சிறிய மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது அவரது நிலை. ஐந்தாறு வயல்களின் விளைச்சலைத் திரட்டிக்கொண்டு வரும் எங்கள் மாணவர்களின் நிலையும் அதுவே.

கருவியின் பெரிய குறை, அது சிதறல் வரைபடத்தை, அதாவது சோடிகளைப் புள்ளிகளாக இட்ட படத்தைக் காட்டாதது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் மழைவீழ்ச்சியையும் எடுத்துக்கொண்டால் இக்குறையின் முழு அளவும் தெரியும். மாரி தொடங்கும்போது காய்ந்த நிலம் முதல் மழையைக் குடித்துவிடுவதால் மட்டம் மெதுவாகவே ஏறுகிறது; பின்னர் விரைந்து ஏறுகிறது; குளம் நிறைந்து வான்கதவுகளைத் திறந்த பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் மட்டம் அங்கேயே நிற்கிறது. சிறுபோகத்துக்கு நீர் திறந்தால் மழையுடன் சம்பந்தமில்லாமல் இறங்குகிறது. இது நேர்கோடே அல்ல. மேலும், இன்றைய மட்டம் நேற்றைய மட்டத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதால், நாள்வாரியான 40 சோடிகள் ஒன்றையொன்று சாராத 40 சான்றுகள் ஆகமாட்டா. 38 சுயாதீனப் பாகைகளை வைத்துச் செய்யும் சோதனை உண்மையில் இல்லாத உறுதியைக் காட்டிவிடும். இவற்றில் எதையும் அறியாமல் கருவி நான்கு தசமதானங்களுக்கு மேல் விடை தருகிறது. 1973இல் புள்ளிவிபரவியலாளர் அன்ஸ்கம் அமைத்துக் காட்டிய, தலா 11 சோடிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுதிகளுக்கும் குணகம் ஏறத்தாழ 0.816 தான். ஆனால் ஒன்று மட்டுமே சாதாரண நேர்கோட்டுச் சிதறல். மற்றவற்றில் ஒன்று வளைகோடு, ஒன்று ஒரே ஒரு புள்ளியால் சாய்ந்த கோடு, இன்னொன்றில் ஒரு தனிப்புள்ளி மட்டுமே முழுத் தொடர்பையும் தாங்கி நிற்கிறது. ஆகவே என் வகுப்பில் வரைபுத்தாளில் புள்ளிகளை இட்ட பின்னரே கணிப்பானை எடுக்கச் சொல்கிறேன்.

கணிப்பானின் முறையை மாற்றினால் இட்ட தரவு முழுவதும் அழிந்துவிடும் என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். ரி-பெறுமானத்தைக் கணிக்கவென்று சாதாரண முறைக்குப் போகுமுன் கூட்டுத்தொகைகளைக் கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது. விரிதாள் மென்பொருள் வரைபடத்தையும் சோதனைக்கான நிகழ்தகவையும் உடனே தருவதால், கணினி வசதியுள்ள ஆய்வு மாணவருக்கு அதுவே பொருத்தம். முதலாம் ஆண்டு மாணவருக்கு இந்தக் கணிப்பானைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பழைய கருவியை வாங்குவோர் இருமாறி முறை அதில் உள்ளதா என்பதைக் கடையிலேயே, விடை தெரிந்த ஐந்து சோடிகளை இட்டுப் பார்த்து வாங்கவும்.