ஆறு வாரச் சுற்று: கும்பகோணத்துச் சிறு மென்பொருள் அலுவலகத்தில் மூன்று ஆண்டுப் பயன்பாடு

சிகாகோவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் தான் வேலை செய்யும் முறையை 2019-இல் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டது. ஆறு வாரம் திட்டமிட்ட வேலை, பிறகு இரண்டு வாரம் கூல்டவுன், அதாவது திட்டமிட்ட வேலை எதுவும் வைக்காத இடைவெளி. கெடு நகராது; கெடுவுக்குள் அடங்காததை வெட்ட வேண்டும். கும்பகோணத்தில் ஏழு பேர் கொண்ட வடிவமைப்பு, மென்பொருள் அலுவலகத்தில் மூன்று ஆண்டு ஓட்டிப் பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். முறை நல்ல முறை. ஆனால் நம் ஊர் நாள்காட்டியைப் பார்க்காமல் இறக்கினால் இரண்டாவது சுற்றிலேயே நொண்டும்.

ஒரு சுற்றுக்கு எட்டு வாரம். ஆண்டுக்கு ஆறு சுற்று வைத்தால் 48 வாரம். மிச்சமுள்ள நான்கு வாரத்தை எங்கே செருகுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். இரண்டை மார்கழிக் கடைசிக்கும் பொங்கலுக்கும் விட்டுவிட்டு, காணும் பொங்கல் கழிந்த திங்கட்கிழமை முதல் சுற்றைத் தொடங்குவது சரியாக வருகிறது. ஒன்று தீபாவளிக்கு, ஒன்று மழைக்கு. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி, ஐந்தாம் சுற்றின் கூல்டவுனிலேயே விழுந்தது. 2026-இல் நவம்பர் 8. அந்த வாரத்தைத் தனியாக ஒதுக்காவிட்டால் ஆறாம் சுற்று ஐந்து வாரமாகச் சுருங்கிவிடும்.

முதல் சுற்று சம்பா அறுவடையோடு மோதும். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அறுப்பு மெஷின் எந்த நாளில் வயலுக்கு வருமோ அந்த நாளில் லீவு போட்டே ஆக வேண்டும். அதை முன்கூட்டிச் சொல்ல அவர்களாலேயே முடியாது. அதனால் இந்தச் சுற்றில் எந்த வேலையையும் ஒரே ஆள் கையில் விடக் கூடாது. வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்கள் ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஜூலை 7-ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் நான்காம் சுற்றில்தான் ஆள் முழுசாக இருப்பார்கள். ஆண்டின் கனமான வேலையை அங்கே வைக்கலாம். ஒன்றே ஒன்று: ஜவுளிக்கடை பில்லிங் மென்பொருளை ஆடித் தள்ளுபடி முடியும் வரை தொடாதீர்கள்.

ஆறாம் சுற்று ஓடும் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்ததற்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இந்தச் சுற்றில் ஆறு வார வேலையே வேண்டாம். ஓரிரு வாரத்தில் முடியும் சின்ன வேலைகளாக அடுக்கினால், நடுவில் புயல் வந்தாலும் கைக்கு வந்தது கையில் இருக்கும்.

இனி வெட்டும் விஷயம். வேலையைத் தொடங்கும் முன் எழுதும் பிட்ச்சில், அதாவது முன்மொழிவில், ஐந்து பகுதிகள்: சிக்கல் என்ன, அதற்கு எத்தனை நாள் தரத் தகும், தீர்வின் கோட்டுருவம், காலை வாரிவிடும் குழிகள், இந்தச் சுற்றில் செய்யப்போவதில்லை என்பவை. கடைசி இரண்டையும் அவசரத்தில் நிரப்பினால் ஐந்தாவது வாரத்தில் அழ வேண்டியிருக்கும். நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்கான பில் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு எடைக்கு விற்பது. ஆர்டர் எடுக்கும்போது இருப்பது உத்தேச எடை. வார்த்துக் கடைந்து பாலிஷ் போட்ட பிறகுதான் உண்மை எடை தெரியும். இந்த வித்தியாசத்தை முன்பணத்தோடு சரிக்கட்டுவதுதான் வேலையின் உயிர். படத்தொகுப்பு, வாட்ஸ்அப் தகவல், கிளை வாரி அறிக்கை மூன்றும் ‘செய்யப்போவதில்லை’யில் போக வேண்டியவை.

குழி எங்கே? தமிழில் பில் அடிப்பதில். பல பிடிஎஃப் நூலகங்கள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். ‘கெ’ கணினியில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்துமாகப் பதிவாகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது வடிவமாக்கும் நிரலின் வேலை. அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், பெயரெல்லாம் கோணலாகும். பக்கத்தை எச்டிஎம்எல்லில் அமைத்து, திரையில்லாமல் ஓடும் குரோமில் பிடிஎஃப் ஆக்கினால் தீர்ந்தது. ரசீது அடிக்கும் தெர்மல் பிரிண்டரிலோ பெரும்பாலும் தமிழ் எழுத்துருவே இருக்காது. ரசீதைப் படமாக்கி அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளுக்கு 384 புள்ளி அகலம், 80-க்கு 576. இதை முதல் வாரமே சோதிப்பவர் பிழைப்பார். ‘கடைசியில் பிரிண்ட் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் முழுச் சுற்றும் போகும்.

முன்னேற்றத்தைக் காட்ட 37சிக்னல்ஸ்காரர்கள் ஒரு மேடு வரைகிறார்கள். ஏறும் பக்கம் வழி தேடும் கட்டம், இறங்கும் பக்கம் வழி தெரிந்து செய்து முடிக்கும் கட்டம். வெள்ளைப் பலகையில் வரைந்து வேலைக்கு ஒரு காந்தம் ஒட்டினாலே போதும், தனி மென்பொருள் தேவையில்லை. ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் இதைக் கெடுக்கிறது. பெரியவர் கேட்டால் இளையவர் இல்லை என்று சொல்ல மாட்டார். ‘எப்படிப் போகுது?’ என்றால் ‘போயிட்டிருக்குண்ணா’, ‘முடிஞ்சிடும்ண்ணா’. ‘முடிஞ்சிடும்’ என்ற சொல் வந்தால் காந்தம் இன்னும் ஏற்றத்தில்தான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை மாற்றியது பலன் தந்தது. தினம் மாலை எல்லோரும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: ‘இன்னைக்கு எந்த இடத்தில் நின்னுச்சு?’ இதற்கு மூத்தவர் முதலில் எழுத வேண்டும். அவரே ‘வரிக் கணக்கில் பைசா திருத்தம் புரியவில்லை, நாளை பார்க்கிறேன்’ என்று எழுதினால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். இந்த ஒரு மாற்றம், வாங்கிய எந்தக் கருவியையும் விட அதிக நாட்களை மிச்சப்படுத்தியது.

37சிக்னல்ஸ் சொந்தத் தயாரிப்பை விற்கும் நிறுவனம். நம்மில் பலர் பிறருக்குச் செய்துகொடுப்பவர்கள்; கடைக்காரர் எந்நேரமும் போன் செய்வார். அதைத் தடுக்க முடியாது, ஒரே காதுக்குத் திருப்பலாம். வாரம் ஒருவர் முறை வைத்து எல்லா அழைப்பையும் எடுப்பார், அந்த வாரம் அவருக்குச் சுற்று வேலை கிடையாது. ஏழில் ஒருவர் போக ஆறு பேர், இரண்டு குழு. நான்கு பேருக்குக் கீழே உள்ள அலுவலகத்தில் இந்த ஏற்பாடு நிற்காது. விலைப்புள்ளியையும் அம்சத்துக்கு இவ்வளவு என்று தராமல் சுற்றுக்கு இவ்வளவு என்று தர வேண்டும். இல்லாவிட்டால் எதை வெட்டினாலும் ‘பேசினது வரலையே தம்பி’ என்ற பேச்சு வரும், அவர் கேட்பது நியாயமும்கூட.

கோடையில் அந்த நிறுவனம் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை செய்யும். இங்கே சனிக்கிழமையும் கடை திறந்திருப்பதால் அது ஒத்துவரவில்லை. சித்திரை, வைகாசியில் காலை 8 முதல் 3:30 வரை என்று வைத்தது ஒத்துவந்தது.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடுங்கள். ஏழு மடிக்கணினி சராசரி 40 வாட், நான்கு பிஎல்டிசி மின்விசிறி 30 வாட், மோடம் 15 வாட்: மொத்தம் 415. இரண்டு 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் 3,600 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால் நான்கு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தமோ காலை 9 முதல் மாலை வரை. அதோடு, நம் இன்வெர்ட்டர் ஓடினாலும் கேபிள்காரர் முனையில் பேட்டரி இறங்கினால் இணையம் போய்விடும். அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து புழுங்குவதில் பயனில்லை. இருவர் இருவராக வேறு பகுதியிலுள்ள வாடிக்கையாளர் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நிற்கலாம். பில் போடுபவர் எந்தத் திரையை விட்டுவிட்டுத் துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த பிட்ச்சின் முதல் பத்தி அந்தக் காகிதத்தில் இருக்கும்.