ராஜபாளையமா சிப்பிப்பாறையா, உங்க வீட்டுக்கு எந்த நாய் சரிப்படும்?

தங்கச்சி மாப்ள போன வாரம் போன் பண்ணி "மச்சான், ராஜபாளையம் வாங்கட்டுமா, சிப்பிப்பாறை வாங்கட்டுமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னாரு. ஒரே வார்த்தையில எனக்கு சொல்ல வரல. அப்பா காலத்துல எங்க வீட்டுல ஒரு ராஜபாளையம் கடுவன் 11 வருஷம் இருந்தான், இப்போ என்கிட்ட இருக்கறது செவலை நிறத்துல ஒரு சிப்பிப்பாறை பெட்டை, ரெண்டையும் பக்கத்துல இருந்து பாத்தவன்ங்கறதால அவர்கிட்ட பேசினதையே இங்க எழுதுறேன். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மனதின் குரல் ரேடியோ பேச்சுல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொல்லி பேசினதுல இருந்து நம்ம ஊர் நாய்தான் வேணும்னு கேக்கறவங்க கூடிட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், ஆனா போட்டோவ மட்டும் பாத்து வாங்கிட்டு ஆறாவது மாசம் "யாராவது எடுத்துக்கறீங்களா"ன்னு கேக்கறத பாத்தா மனசு ஆறமாட்டேங்குது.

ரெண்டுமே தெக்கத்தி கரிசல் பக்கத்து நாய்தான். ரெண்டுக்கும் நீளக் கால், குட்டை முடி, ஒட்டின வயிறு. தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணு வெள்ளை இன்னொண்ணு செவலை இல்ல சாம்பல், அவ்வளவுதான் வித்தியாசம்னு தோணும். ஆனா எந்த வேலைக்காக வளர்த்தாங்கன்னு பாருங்க. ராஜபாளையம் பாளையக்காரங்க வச்சிருந்த நாய், இங்கிலீஷ்காரங்க போலிகர் ஹவுண்ட்னே எழுதி வச்சாங்க, காட்டுப்பன்னி வேட்டைக்கும் காவலுக்கும் நின்ன ஜாதி. சிப்பிப்பாறை முயல் விரட்ட வளர்த்தது, கண்ணுல பட்டத துரத்தி ஓடறதுதான் அதோட பிறவிக்குணம். வீட்டுக்குள்ள வந்தப்புறம் அது ரெண்டும் பண்ற ஒவ்வொண்ணும் இதுல இருந்துதான் வருது.

ராஜபாளையத்துக்கு வாசல்தான் உலகம். எங்க வெள்ளையன் வீட்டு ஆளுங்க ஆறு பேர்ட்டயும் அப்படி குழைவான், அப்பா ஈசிசேர்ல சாஞ்சா தாடைய அவர் பாதத்து மேல வச்சு படுத்துக்குவான், ஆனா வெளி ஆளு கை நீட்டி தடவ வந்தா அப்படியே இறுகிருவான், குரைக்கக்கூட மாட்டான், அந்தப் பொன்னிறக் கண்ணால ஒரு பார்வை. கரண்ட் மீட்டர் பாக்க வர்ற அண்ணன் வருஷக்கணக்கா வந்துட்டுப் போறவரு, அப்படியும் ஒருநாள் நாங்க கட்ட மறந்த நேரத்துல அவர் கேட்ட தொறந்து உள்ள வந்துட்டாரு, முழங்கைல பல்லு பதிஞ்சிருச்சு. உடனே சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவி, ஊசிக்கு கூட்டிட்டு ஓடினோம். தப்பு முழுக்க எங்களோடது, அவன் அவனோட வேலையதான் பாத்தான். அதனால தினம் தண்ணி கேன், பார்சல், டியூஷன் பிள்ளைங்க, மாசத்துக்கு ரெண்டு தடவ சொந்தக்காரங்கன்னு ஆள் வந்துட்டே இருக்கற வீட்டுக்கு ராஜபாளையத்த நான் சொல்லவே மாட்டேன். தோட்டத்து வீடு, நல்ல காம்பவுண்டு, குட்டில இருந்தே கூட இருந்து பழக்கறதுக்கு வீட்டுல ஒருத்தர், இதெல்லாம் இருந்தா அவன மாதிரி துணை கிடைக்காது.

சிப்பிப்பாறைக்கு வாசல் பெருசில்ல, மைதானம்தான் பெருசு. வீட்டுக்குள்ள இருக்கற இடமே தெரியாது, காலைல நல்லா ஒரு ஓட்டம் ஓட விட்டீங்கன்னா அப்புறம் மதியம் பூரா பழைய போர்வைல சுருண்டு கிடக்கும். புது ஆள கண்டா ஒதுங்கித்தான் நிக்கும், கொஞ்சம் பழகிட்டா தோள்ல மூக்க வச்சு உரசும். சிக்கல் என்னன்னா ரோட்டுல பூனையோ ஆட்டுக்குட்டியோ ஓடினா நீங்க கூப்பிடறது காதுலயே விழாது. எங்க செவலைய ஒரு தடவ வெறும் ரெண்டு நிமிஷம் அவுத்து விட்டேன், கம்மாக்கரைல ஒரு கோழி சிறகடிச்சது, அவ்ளோதான், கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள புள்ளியா மறைஞ்சிட்டா, தேடி கண்டுபிடிக்க சாயங்காலம் ஆயிருச்சு. இன்னொரு விஷயம், இதுக்கு தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அகலம், சாதாரண பெல்ட் போட்டா பின்னாடி ரெண்டு எட்டு வச்சு தலைய உருவிக்கும், அதனால இழுத்தா இறுகற அகலப் பட்டை வாங்குங்க. காம்பவுண்டு நாலடின்னா அதுக்கு சுவரே இல்லாத மாதிரி. முயல் பிடிக்க விடணும்ங்கற ஆசையோட யாராவது வாங்கறதா இருந்தா வேணாம், 1972 வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், ராஜபாளையம் பக்கம் சாயறவங்க கண்டிப்பா படிங்க. பால் வெள்ளை, ரோஸ் மூக்குன்னு கேட்டு கேட்டு வாங்கறோம், ஆனா அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருக்கு, காது கேக்காத குட்டிங்க இதுல பிறக்கும். நிறம் கொடுக்கற செல் உள்காதுலயும் இருக்கணும், அது இல்லன்னா பிறந்து சில வாரத்துலயே கேக்கற நரம்புசெல் செத்துப்போயிரும், அப்புறம் மருந்தே கிடையாது. வாங்கறதுக்கு முன்னாடி குட்டிய கூட்டத்துல இருந்து தனியா பிரிங்க, ஏன்னா கூட இருக்கற குட்டி திரும்பினா இதுவும் சேந்து திரும்பிரும். அது தூங்கும்போது பின்னாடி நாலடி தள்ளி நின்னு எவர்சில்வர் தட்டுல கரண்டியால ஒரு தட்டு தட்டுங்க. பக்கத்துல போய் கைதட்டாதீங்க, காத்து மேல பட்டு முழிச்சிரும், தரையையும் மிதிக்காதீங்க, அதிர்வு தெரியும். காது அசையுதான்னு மட்டும் பாருங்க. ஒரு காது மட்டும் கேக்கலன்னா இதுல தெரியாது, அதுக்கு மெஷின் டெஸ்ட்தான். காது கேக்காத குட்டி வாழக்கூடாததுன்னு நான் சொல்லல, கை சாடையிலேயே அருமையா பழகும், ஆனா தூக்கத்துல தொட்டா திடுக்கிட்டு கடிக்கும், காவலுக்கு ஆகாது, தெரிஞ்சே எடுக்கறதா இருந்தா எடுங்க, குட்டி போட மட்டும் விடாதீங்க.

மத்ததுல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டுமே நம்ம வெயில தாங்கும், ராஜபாளையத்துக்கு மட்டும் மூக்கும் வயிறும் உச்சிவெயில்ல வெந்துரும், நிழல் வேணும். எடை ராஜபாளையம் சுமாரா 25 கிலோவும் அதுக்கு மேலயும் வரும், சிப்பி 15ல இருந்து 20 வரைக்கும். கம்மங்கூழும் மோரும் மட்டும் ஊத்தி வளர்க்கறது பத்தாது, முட்டை, கறி, ஈரல் ஏதாவது தினம் சேரணும், வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். சிப்பிக்கு விலா எலும்பு ரெண்டு மூணு தெரியறது அதோட வாகு, "பட்டினி போடறீங்களா"ன்னு தெருவே கேக்கும், அதுக்காக குண்டாக்கிறாதீங்க. கருத்தடை ஆபரேஷனுக்கு கொண்டு போனா இது வேட்டைநாய் வகைன்னு டாக்டர்ட்ட முதல்லயே சொல்லிருங்க, உடம்புல கொழுப்பு கம்மிங்கறதால சில மயக்க மருந்துல இருந்து தெளிய ரொம்ப நேரம் எடுக்கும்.

எதை வாங்கினாலும் வளக்கறவர் வீட்டுக்கே போய் தாயப் பாருங்க, முடிஞ்சா தகப்பனையும். ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளையான்னு கூச்சப்படாம கேளுங்க, நெருங்கின ரத்தத்துலயே சேத்து சேத்துத்தான் இந்தக் காது பிரச்சினையெல்லாம் முத்திப்போச்சு. 8 வாரத்துக்கு முன்னாடி குட்டிய பிரிச்சுக் கொடுத்தா வாங்காதீங்க, பார்வோங்கற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி எப்போ போட்டாங்கன்னு அட்டைய பாருங்க, மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் வருஷா வருஷம்.

மாப்ளைட்ட நான் கேட்டது ரெண்டே கேள்வி, வீட்டுக்கு ஒருநாளைக்கு எத்தன பேர் வருவாங்க, காலைல ஆறு மணிக்கு எழுந்திரிச்சு ஓடறது யாருன்னு. தங்கச்சி வாசல்லயே தையல் மெஷின் போட்டு நாள் பூரா ஆள் வந்து போற வீடு, பெரியவன் ஸ்கூல் ரன்னிங்ல இருக்கான். பேசி முடிக்கறதுக்குள்ள அவருக்கே புரிஞ்சிருச்சு. சாம்பல்ல ஒரு பெட்டைக் குட்டி பேசி வச்சிருக்கோம், இன்னும் மூணு வாரம் தாய்ட்ட பால் குடிக்கணும், அதுக்குள்ள காம்பவுண்டு மேல ரெண்டடி கம்பிவலை அடிக்க கொத்தனார வரச்சொல்லிருக்காரு.