டிஃபனி பதிவுகள்: பல வருஷம் கேட்டபின் சில வார்த்தைகள்

அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்விங் குழுத் தலைவர் பாப் வில்ஸின் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதெல்லாம் கொடுத்துவிடு என்று யாராவது சொன்னால், கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ஹிட்டுகளைக்கூடக் கொடுத்துவிடுவேன். ரேடியோவுக்கென்று அவர் குழு வாசித்த டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ் பெட்டியை மட்டும் தரமாட்டேன். ஹிட்டுகள் கேட்டவுடன் பிடித்துப்போகும். இது மெதுவாகத்தான் ஒட்டும், ஒட்டியபிறகு விடாது.

வெஸ்டர்ன் ஸ்விங் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1930களில் டெக்சஸ், ஓக்லஹோமா நடனக் கூடங்களில் வளர்ந்த இசை இது. கிராமத்து வயலின், ப்ளூஸ், ஜாஸ் எல்லாம் கலந்து, ஆடுவதற்கென்றே வாசித்தது. ஆரம்பத்தில் இதில் பெரிய பெயர் மில்டன் பிரவுன். 1935 ஜனவரியில் அவருடைய குழுவில் பாப் டன் மின்சார ஸ்டீல் கிட்டாரை (கம்பிமேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிட்டார்) முதன்முதலாக இசைத்தட்டில் ஏற்றினார். அடுத்த வருஷமே பிரவுன் கார் விபத்தில் போய்விட்டார். அதற்குள் வில்ஸ் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கால் ஊன்றியிருந்தார். கெய்ன்ஸ் பால்ரூமிலிருந்து மத்தியான வேளையில் ரேடியோவில் வாசிப்பார், ராத்திரியில் ஆட்டம்.

அந்தக் காலத்து பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். ஒரு பாட்டு, அதில் இரண்டு தனி வாசிப்பு, முடிந்தது. டிஃபனி கதை வேறு. 1946, 47 வாக்கில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பதிவு செய்து, 16 அங்குலத் தட்டுகளாக ரேடியோ நிலையங்களுக்கு அனுப்புவது திட்டம். கடையில் விற்பதற்கான சரக்கே இல்லை. அதனால் ஹிட் ஆகவேண்டும் என்ற கவலை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டக் கூடத்தில் தினமும் வாசித்துக் கை பழகிய பாட்டுகளையே வாசித்தார்கள்: பழைய வயலின் மெட்டுகள், டியூக் எலிங்டன், பென்னி குட்மன் போன்ற ஜாஸ்காரர்களின் பாட்டுகள், ப்ளூஸ், அழுகைப் பாட்டு, எல்லாம். இருநூறுக்கும் மேல் பதிவுகள் சேர்ந்தன. வியாபாரமாக அது ஓடவில்லை. தட்டுகள் பல வருஷம் கிடப்பில் கிடந்து, 1980களில்தான் கலைடாஸ்கோப் என்ற கலிபோர்னியா நிறுவனம் எல்பிகளாக வெளியிட்டது. அப்புறம் சிடி. என்னிடம் இருப்பது 2009ல் வந்த பத்து சிடி பெட்டி.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் வில்ஸின் குழுவில் ஊதுகுழல்காரர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். 1940ல் வார்த்தைகளோடு வந்த ‘நியூ சான் அன்டோனியோ ரோஸ்’ அந்தப் பெரிய குழுவின் சத்தம்தான். போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் குழு சுருங்கியது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்த வேலையைக் கம்பிக் கருவிகள் எடுத்துக்கொண்டன. டைனி மூரின் மின்சார மேண்டலின், ஹெர்ப் ரெமிங்டனின் ஸ்டீல், கூடவே ஒரு கிட்டார், மூன்றும் மூன்று சுருதியில் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும். முதலில் இது என்ன கருவி என்றே பிடிபடாது. பிடிபட்டபிறகு அந்த இடத்துக்காகவே பாட்டை மறுபடி போடச் சொல்லும். ஸ்டீல் கிட்டார் பழக்கமில்லாத நம் காதுக்கு ஒரு வழி: சித்திரவீணையில் கட்டையை வழுக்கிக்கொண்டு போகும்போது ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் நடப்பதைக் கேட்டிருப்பீர்கள் இல்லையா, இங்கேயும் அதே இடத்தைக் கவனியுங்கள்.

‘ஃபேட் பாய் ரேக்’ (Fat Boy Rag) என்று ஒரு பதிவு. வார்த்தை கிடையாது. ஜூனியர் பர்னார்ட் என்பவரின் கிட்டார்தான் அதில் ராஜா. 1946ல் மற்ற கிட்டார்காரர்கள் சத்தம் சுத்தமாக வரவேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தபோது இவர் ஆம்ப்ளிஃபயரைத் திணறவிட்டு, தொண்டை கட்டியவன் கத்துவதுபோல ஒரு கரகரப்பை இழுக்கிறார். ராக் அண்ட் ரோல் வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. அவர் வாசிக்கும்போது பின்னாலிருந்து வில்ஸ் உற்சாகமாக ஏதோ கூவுகிறார். அந்தக் கூவலுக்குப் பதில் சொல்வதுபோல அடுத்த வரி இன்னும் முரட்டுத்தனமாக வருகிறது. பர்னார்ட் 1951லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். இந்த டிஃபனி தட்டுகள் இல்லாவிட்டால் அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

அந்தக் கூவலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் பாதிப் பேருக்கு எரிச்சல் வரும் இடம் அது. குழுவின் பாடகர் டாமி டங்கன் உருகிப் பாடிக்கொண்டிருப்பார், நடுவில் “ஆ...ஹா!” என்று ஒரு கீச்சுக் குரல். வாசிப்பவர் பெயரைச் சொல்லி அழைப்பதும் உண்டு. 1935ல் டல்லஸில் முதல் பதிவின்போதே தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி இதை நிறுத்தச் சொன்னாராம். வில்ஸ், அப்படியானால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம் என்றாராம். சாதர்லி இறங்கிவந்தார். எனக்கும் முதலில் அந்தக் குரல் தொந்தரவாகத்தான் இருந்தது. இப்போது அது இல்லாத பதிவைக் கேட்டால் உப்புக் குறைகிறது.

டங்கனைப் பற்றி ஒரு வரி போதாது, ஆனாலும் சொல்கிறேன்: இத்தனை அலட்சியமாகப் பாடி இத்தனை சுத்தமாகச் சுருதியில் நிற்பவர்கள் குறைவு. 1948ல் அவரும் வில்ஸும் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில் 1950ன் ‘ஃபேடட் லவ்’ நிற்கும். மற்றதில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை.

சரி, குறைகள். பத்து சிடியையும் வரிசையாகக் கேட்க உட்கார்ந்தால் அலுத்துவிடும். ரேடியோவுக்காகத் துண்டு துண்டாக வாசித்தது, ஆல்பமாக யாரும் திட்டமிடவில்லை. பத்தாவது தொகுதியில் மெக்கின்னி சகோதரிகள் பாடுகிறார்கள். இனிமையான குரல்கள்தான், நான் அதை எடுப்பது அபூர்வம். வில்ஸின் பழைய பாட்டுகளில் நிறவெறிச் சாயல் உள்ள வரிகளும் உண்டு. ‘டேக் மீ பேக் டு டல்சா’வின் 1941 பதிவில் வரும் ஒரு ஈரடியைப் பின்னாளில் மாற்றிப் பாடினார்கள். பருத்திக் காட்டில் கறுப்பினத் தொழிலாளிகளோடு வளர்ந்து, அவர்களிடம் ப்ளூஸ் கற்ற மனிதர் அவர். அதே மனிதர் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறிய காலமும் இருந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு கேட்பதுதான் நேர்மை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வில்ஸ் தன் பழைய பாட்டுகளைப் பல கம்பெனிகளுக்கு மறுபடி மறுபடி பதிவு செய்தவர். 1960ல் டங்கனோடு மீண்டும் சேர்ந்து லிபர்ட்டி கம்பெனிக்கு, அப்புறம் காப் கம்பெனிக்கு என்று. செயலிகளில் எல்லாம் ஒரே பெயரில், வருஷம் தப்பாக, ஒரே குவியலாகக் கிடக்கும். டிஃபனி என்று நினைத்து எதையோ கேட்டுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அட்டையில் டிஃபனி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஒலியை (மோனோ) ஸ்டீரியோபோலச் செயற்கையாக இரண்டு பக்கமும் பிரித்த பழைய எல்பிகளும் சுற்றுகின்றன. கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும், தொடவே வேண்டாம்.

ஒலி விஷயத்தில் நான் பயந்ததுபோல இல்லை. தட்டிலிருந்து எடுத்தது என்பதால் அங்கங்கே பொரிகிற சத்தம் உண்டு. தாள வாத்தியம் பின்னால் அமுங்கித்தான் இருக்கும். ஹெட்போனில் கேட்டால் எல்லாம் மண்டைக்கு நடுவில் ஒரு புள்ளியில் வந்து குவியும். ஒற்றை ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக, வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் அந்த நடனக் கூடம் விரியும். சமையலறை ஸ்பீக்கர் போதும்.

மொத்தப் பெட்டியையும் உடனே வாங்க வேண்டியதில்லை. ‘பெஸ்ட் ஆஃப் தி டிஃபனிஸ்’ என்ற இரண்டாம் தொகுதியில் தெரிந்த பாட்டுகளெல்லாம் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கலாம். ஜாஸ் பிடித்தவர்கள் நேராக மூன்றாவதுக்குப் போகலாம். வயலின் மெட்டுகள் வேண்டுமென்றால் ஆறாவது. பழைய கன்ட்ரி பாடல்களில் ஊறியவர்கள், ஹாங்க் வில்லியம்ஸ் வகை ஆட்கள், முதலில் இதில் சோகம் போதவில்லை என்பார்கள். அவர்களுக்கு நான் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸைக் கொடுப்பேன். 1962ல் அவர் வில்ஸின் பாட்டுகளை வைத்தே ஒரு முழு ஆல்பம் போட்டார். அதிலிருந்து இந்தப் பக்கம் வருவது சுலபம்.