டிட்டாச்சா, ஜாயினா?

ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஒன்றின் அளவுகளை வாங்கி வரைபடம் போடும் நிரல் அது. சென்சாரைப் படிப்பது சி பிளஸ் பிளஸ் திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி வேலை), வரைவது பைத்தான். நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். ஜன்னலை மூடினால் மட்டும் சில சமயம் கிராஷ்.

“டிட்டாச் போட்டு விடு மக்கா, தீர்ந்தது” என்றான் நாகர்கோவில் நண்பன். டிட்டாச் என்றால் திரெட்டை அதன் போக்கில் விட்டுவிடுவது, ஜாயின் என்றால் அது முடியும்வரை காத்திருப்பது. டிட்டாச் ஒரே வரி வேலைதான். ஜாயின் செய்யாத திரெட் ஆப்ஜெக்ட் அழியும்போது வரும், நிரலையே நிறுத்திவிடும் டெர்மினேட்டும் போய்விடும். ஆனால் பைத்தான் கடையைக் கட்டும் நேரத்தில் அந்த திரெட் வந்து ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் பைத்தானை இயக்க விடும் பூட்டு) கேட்டால்? பைத்தான் 3.14-க்கு முந்தைய பதிப்புகள் திரெட்டை அங்கேயே முடித்துவிடும். லினக்ஸில் அப்போது வழியில் ஒரு நோஎக்செப்ட் ஃபங்ஷன் (எக்செப்ஷன் எதையும் வெளியே விடமாட்டேன் என்று அறிவித்தது) இருந்தால் மொத்த நிரலும் காலி. 3.14 முதல் திரெட் அப்படியே தொங்கி நிற்கும். பைத்தானைத் தொடவே தொடாத திரெட் என்றால் டிட்டாச் பரவாயில்லை.

ஜாயினுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். திரெட்டை நிறுத்தச் சொல்லும் அட்டாமிக் கொடி (திரெட்டுகள் பத்திரமாகப் பகிரும் மாறி) ஒன்று. சென்சார் படிப்புக்கு டைம்அவுட், இல்லாவிட்டால் கேபிள் கழன்ற அன்று ஜாயின் காத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் முக்கியமானது: ஜிஐஎல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜாயின் செய்தால் டெட்லாக்: திரெட் பூட்டுக்குக் காத்திருக்கும், நாம் திரெட்டுக்குக் காத்திருப்போம். நான் அதில்தான் ஒரு மாலையைத் தொலைத்தேன். பூட்டை விட்டுவிட்டு ஜாயின் செய்யுங்கள், அதையும் பைத்தான் மூடத் தொடங்கும்போது ஓடும் அட்எக்ஸிட்டில். நிரல் முடியும்வரை இருக்கும் ஸ்டாட்டிக் ஆப்ஜெக்டின் டெஸ்ட்ரக்டரில் (அது அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) வைத்தால் அதற்குள் பைத்தான் போயிருக்கும்.

நான் ஜாயினுக்கு மாறிவிட்டேன். டைம்அவுட் 200 மில்லிசெகண்ட். ஜன்னல் மூடுவது லேசாகத் தாமதிக்கிறது, அவ்வளவுதான்.