கடற்கரைக் கோயிலில் ஷூட்டிங், "பர்மிஷன் எங்கள் பொறுப்பு" என்றால் உஷார்

முகூர்த்த சீசனில் மாமல்லபுரம் போட்டோ பேக்கேஜ்களில் இப்படி ஒரு வரி தவறாமல் இருக்கிறது. அதற்கென்று தனித் தொகையும் வாங்குகிறார்கள். அன்று காலை லைட் ஸ்டாண்டைப் பார்த்ததும் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். கையில் இருப்பதோ நுழைவுச்சீட்டும் 25 ரூபாய் வீடியோ சீட்டும்தான். சில சமயம் இணையத்தில் விண்ணப்பம் போட்டதற்கான எண் அச்சிட்ட தாள் இருக்கும். விண்ணப்ப எண் உரிமம் ஆகாது. கடைசியில் வேலிக்கு வெளியே மணலில் நிற்கவைத்து, கோயில் விமானம் பின்னால் தெரிகிறமாதிரி எடுத்து அனுப்பிவிடுவார்கள். பர்மிஷனுக்கென்று வாங்கிய பணம் வராது.

மத்தியத் தொல்லியல் துறையின் 1959 விதிகள்படி, இந்தக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் படப்பிடிப்புக்குத் தலைமை இயக்குநரிடம் படிவம் 9-இல், 3 மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பத்து நாளில் கல்யாணம் வைத்திருப்பவரிடம் "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்பவரை நம்பவே வேண்டாம். விண்ணப்பமும் கட்டணமும் இப்போது துறையின் இணையதளம் வழியாகத்தான். ஆகவே உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி நீங்களே கட்டுங்கள். "சார் ஆபீஸ்ல கொடுக்கணும்" என்று யாருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள்.

உரிமம் வந்தால் யார் பெயர், எந்த இடம், எந்தத் தேதி என்று பாருங்கள். ஒருவர் உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. பழைய சினிமா கம்பெனி தாளில் தேதியை மாற்றி நீட்டுவது இங்கேதான் பிடிபடும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மத்தியத் துறையின் சென்னை வட்ட (பிராந்திய) அலுவலகக் கடிதம் காட்டினாலும் சந்தேகப்படுங்கள். 2020 முதல் அது திருச்சி வட்டம். உரிமம் உண்மையானதாகவே இருந்தாலும் தண்ணீர், எண்ணெய், கிரீஸ் எதையும் சின்னத்தின் மேல் படவிடக் கூடாது. ஜெனரேட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மழை எஃபெக்ட் என்று ஆசை காட்டினால் அதுவும் நடக்காது. ட்ரோன் தனிக் கதை, இந்த உரிமத்தில் அடங்காது.

முதலில் இடம் யாருடையது என்று கேளுங்கள். மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையும் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையும் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. அங்கே மத்தியத் துறைக் கடிதம் வெறும் காகிதம். வழிபாடு நடக்கும் கோயிலென்றால் நிர்வாகத்தையும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

மத்தியத் துறையின் சின்னத்தில் விருந்து, வரவேற்பு, கச்சேரி வைக்க விரும்புவோருக்கு வலை இன்னும் பெரியது. மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இவை எதுவும் கூடாது. "பூஜைன்னு போட்டுக்கலாம்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். விலக்கு இருப்பது அந்த இடத்தில் வழிவழியாக நடந்துவரும் வழிபாட்டுக்குத்தான். பூஜையே நடக்காத கடற்கரைக் கோயிலில் அது எப்படிச் செல்லும்?

அட்வான்ஸ் கொடுக்கும்போதே பர்மிஷன் தொகையைப் பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லி, உரிமம் வராவிட்டால் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பில் இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.