கிண்டிலில் போடலாமா? என் கணக்கு

என் மயிலாப்பூர்க் கதைகளை மின்னூலாக, அமேசானில் நாமே நூல் வெளியிடும் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கில் (கேடிபி) போட்டிருக்கிறேன். பதிவு இலவசம். வேர்டு கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். ராயப்பேட்டை டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தது திரையில் வெறும் கிறுக்கல்.

விஷயமே ராயல்டிதான். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையேல் 35. சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை கூகுள் பிளேயிலோ கோபோவிலோ, ஏன், சொந்தத் தளத்தில்கூட விற்கக் கூடாது. கெடு தானாகவே நீளும், வேண்டாமென்றால் தானாகப் புதுப்பிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அச்சுப் பிரதிக்குத் தடையில்லை. புத்தகக் காட்சியில் தாராளமாக விற்கலாம்.

என் வாசகர்கள் பெரும்பாலும் கிண்டில் அன்லிமிடெட்காரர்கள், அதாவது செலக்டில் உள்ள நூல்களைச் சந்தா கட்டிப் படிப்பவர்கள். அவர்கள் படித்த பக்கத்துக்கு எனக்குக் காசு வருகிறது. அதனால் செலக்டிலேயே இருக்கிறேன். சமையல் புத்தகம் எழுதும் நாத்தனாரை மட்டும் கூகுள் பிளேக்கு அனுப்பிவிட்டேன். அவள் வாசகிகள் எல்லாம் செல்போனில்தான்.