மாதம் 50 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? எங்கள் நகர் நலச்சங்கம் பற்றி ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

செங்குன்றத்தைத் தாண்டிப் பாடியநல்லூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் தொலைபேசியில் அழைத்தான். அவர்களுடைய மனைப்பிரிவில் குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்கப் போகிறார்களாம். சேர்க்கைக் கட்டணம் ஆயிரம் ரூபாய், மாதச் சந்தா தனி. "அக்கா, நீ இத்தனை வருஷமா சந்தா கட்டிக்கிட்டு இருக்கியே, பிரயோஜனம் ஏதாவது உண்டா? இல்ல, ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடியேத்தி மிட்டாய் குடுக்குறதோட சரியா?" என்று கேட்டான். அப்போது நான் சொன்ன பதில் அரைகுறையானது. கடையில் வாங்கிய பொருளைப் பற்றிச் சொல்வதுபோல, கொடுத்த பணத்தையும் வந்த பயனையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து எழுதினால், அவனுக்கும் அவனைப்போல் மாநகர எல்லையை ஒட்டி வசிப்பவர்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மணலியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. 2003 முதல் 2010 வரை மாதம் 10 ரூபாய், 2011 முதல் 2018 வரை 30 ரூபாய், 2019 முதல் 2025 முடிய 50 ரூபாய் என்று மொத்தம் 8,040 ரூபாய் சந்தா கட்டியிருக்கிறேன். பூங்காவுக்கு மோட்டார் வாங்கியபோது கொடுத்த நன்கொடை இதில் சேராது. எங்கள் நகர் ரெட்டேரிக்கும் புழலுக்கும் இடையில், இன்றைய மாதவரம் மண்டலத்தில் இருக்கிறது. நான் வந்தபோது அது கிராம ஊராட்சி. பேருந்து நிறுத்தத்திலிருந்து மண் சாலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த மழைக்காலங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

2011-இல் 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. வடக்கில் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய நான்கு நகராட்சிகளும், புழல், சின்னசேக்காடு பேரூராட்சிகளும், சுற்றியிருந்த ஊராட்சிகளும் அப்படித்தான் சென்னைக்குள் வந்தன. அதற்கு முன் எங்கள் சங்கம் இணைப்பு வேண்டாம் என்று மனு கொடுத்தது. வரி ஏறும், வீடு கட்ட அனுமதி வாங்கச் செலவாகும் என்ற இரண்டு காரணங்களை மட்டுமே மனுவில் எழுதியிருந்தார்கள். ஊராட்சியாக இருந்தால்தான் நூறு நாள் வேலை உண்டு, மாநகராட்சியானால் அது போய்விடும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பின் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்கள் அந்தக் கூலியை நம்பியிருந்தன. ஆனால் மனுவில் கையெழுத்திட்ட செயற்குழுவினர் பதினொரு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள், மாதச் சம்பளக்காரர்கள். இந்தச் சங்கத்தின் பலமும் பலவீனமும் அந்த மனுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டன. தங்களுக்கு வலிப்பதை அழகாக எழுதத் தெரிந்தவர்கள். பக்கத்துத் தெருவுக்கு வலித்தால் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள்.

இணைப்பு நடந்துவிட்ட பிறகு அவர்கள் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை, உடனே புதிய ஏற்பாட்டைப் படிக்க உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போவதற்கு ஒரு வீட்டு வாசல் இல்லாத அந்தக் காலத்தில், மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைப்பதும், புகார் எண்ணை நோட்டில் குறித்து வைப்பதும், பத்து நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேட்பதுமாக ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் செலவிட்டார். அவர் எழுதிய நோட்டுகள் மூன்று இன்னும் சங்க அலமாரியில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளின் சந்தா முழுக்கச் செரித்துவிட்டது என்பேன்.

2022-இல் சொத்து வரி மாற்றியமைக்கப்பட்டபோது சங்கம் செய்த வேலையும் அதே தரத்தில் இருந்தது. பழைய நகரப் பகுதியில் வீடுகளுக்கு 50 முதல் 150 விழுக்காடு வரை உயர்வு என்றால், 2011-இல் சேர்ந்த பகுதிகளுக்கு அது 25 முதல் 100 விழுக்காடு வரை என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 150 விழுக்காடு என்ற செய்தியை மட்டும் கேட்டுவிட்டுப் பதறிக்கொண்டிருந்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு டியூஷன் சென்டரில் மேசை போட்டு, ஒவ்வொரு வீட்டின் சதுர அடியையும் பழைய ரசீதையும் வைத்துக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். என் வீடு 780 சதுர அடி, 50 விழுக்காடு. அரையாண்டு தொடங்கியதும் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 விழுக்காடு கழிவு உண்டு என்பதை ஏப்ரலிலும் அக்டோபரிலும் தவறாமல் நினைவூட்டுகிறார்கள். எனக்கு வருகிற கழிவில் சந்தாவின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது.

பூங்காவுக்கு வருகிறேன். சங்கத்தின் மிகப் பெரிய சாதனையும், எனக்கு அதன் மேல் இருக்கும் மிகப் பெரிய கோபமும் அங்கேதான் இருக்கின்றன. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகளுக்குப் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்கவும் வழியில்லை, நிலமாகத்தான் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று சொல்வது இதைத்தான். எங்கள் மனைப்பிரிவு வரைபடத்திலும் தென்கிழக்கு மூலையில் பச்சை அடித்த ஒரு கட்டம் இருந்தது. வரைபடத்தில் பச்சையாக இருந்த அந்த இடம் தரையில் ஒருவரின் மணல், ஜல்லி வியாபாரமாக இருந்தது. முதலில் லாரி நின்றது, பிறகு கொட்டகை வந்தது, கடைசியில் ஆளுயரத்துக்கு மதிலும் எழுந்தது.

அப்போது செயலாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சண்டைக்குப் போகாமல் அவர் காகிதத்தைத் தேடிப் போனார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் எடுத்தார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். மனை விற்றவர் 1990-களிலேயே தானப் பத்திரத்தைப் பதிவுசெய்திருந்தார், ஆனால் பட்டா மட்டும் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது என்பதைக் கண்டுபிடித்தார். இடைவெளி அந்த ஒரு காகிதத்தில்தான். பட்டா மாறும்வரை அந்த நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம். ஊராட்சி மாநகராட்சியாகிக் கோப்புகள் கைமாறும் காலத்தில் அது இன்னும் எளிது. பட்டா மாறுதலுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. மதில் இடிந்த அன்று அவர் வந்து பார்க்கவில்லை, காய்ச்சலாம். சித்தப்பா மகனுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உன் மனைப்பிரிவின் பச்சைக் கட்டத்துக்குத் தானப் பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இணைப்புப் பேச்சு சூடுபிடிக்கும் முன்பே பார்த்துவிடு. இந்த ஒன்றைச் செய்யாத சங்கத்துக்கு ஆயிரம் ரூபாய் அதிகம்.

இப்போது அங்கே நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு மரம், உடற்பயிற்சிக் கருவிகள், புங்கமும் மகிழமும் எல்லாம் இருக்கின்றன. அன்றாடப் பராமரிப்பு ஒப்பந்த ஆட்களுடையது. கோடையில் தண்ணீர் ஊற்றுவதைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. சாவியும் சங்கத்திடம் இருக்கிறது. கோளாறு அந்தச் சாவியில்தான் தொடங்கியது. காலை 10 மணிக்குப் பூட்டினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சமையலை முடித்து ஒரு பெண் நிமிரும் நேரம் பதினோரு மணி. அவளுக்குப் பூங்கா இல்லை. பையன்கள் பந்தோடு வந்தால் வெளியே, நான்கு இளைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் "எந்தத் தெருப்பா நீங்க?" என்ற விசாரணை. ராயபுரம் ராபின்சன் பூங்காவில், இன்றைய அறிஞர் அண்ணா பூங்காவில், 1949 செப்டம்பரில் ஒரு கட்சியே பிறந்தது. கூட்டம் கூடுவதற்குப் பெயர்போன வடசென்னைப் பூங்காக்களின் வரிசையில், நான்கு பேர் சேர்ந்து உட்காரக் கூடாத பூங்காவை எங்கள் சங்கம் உருவாக்கி வைத்திருக்கிறது. அரசு நிலத்தை மீட்டவர்கள் அதற்குத் தாங்களே சொந்தக்காரர்கள் என்று நினைக்கத் தொடங்கியதை நான் பொதுக்குழுவில் இரண்டு முறை எழுந்து சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் நீட்டித்தார்கள். முன்பு 9 மணிக்கே பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாலை விஷயத்தில் அவர்களுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். 2003-இல் என் வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். பழைய தளத்தின் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு 2019-இல் ஒரே படியாகிவிட்டது. எதிர்வீட்டில் இரண்டு படி கீழே இறங்குகிறார்கள். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தியதை எங்கள் சங்கத்தார் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சுரண்டும் இயந்திரம் இல்லாமல் தார் லாரியோடு வந்தபோது, செயற்குழுவிலிருந்து மூன்று பேர் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றார்கள். ஒருவர் வீட்டுப் படியிலிருந்து சாலை மட்டம் வரை அளந்து, சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டார். லாரி திரும்பிப் போனது; ஆறு நாள் கழித்து இயந்திரத்தோடு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆனால் கூடத்துக்குள் வரவில்லை. அந்தச் சுண்ணாம்புக் கோட்டை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

சாலை போடுவதற்கு முன்பே குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை வாங்கிவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னதும் அவர்கள்தான். கேட்காதவர்கள் இருந்தார்கள். ஆறு மாதத்தில் புதிய சாலையைக் குறுக்கே வெட்டி, குழாயைப் பதித்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள். முதல் மழையில் அது உள்வாங்கியது. அந்தப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தவர்களில் நானும் ஒருத்தி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஐந்து வாரம் இருந்தேன். அடுத்த வாரமே பள்ளத்துக்குக் கான்கிரீட் போட வைத்தது சங்கம். ஆனால் இதே போன்ற வெட்டு பின் தெருவில் எட்டு மாதம் அப்படியே கிடந்தது. அங்கே பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள். சங்கத்தின் துணைவிதியில் வாடகைதாரருக்கு உறுப்பினர் உரிமை இல்லை. சாலையில் விழுகிறவனிடம் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பள்ளம் கேட்பதில்லை.

நிர்வாகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டம் நடக்கிறது. கணக்கு வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அச்சடித்த வரவு செலவை நான் கேட்டு வாங்குவதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதில் பிழை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செயலாளரும் பொருளாளரும் ஒன்பது ஆண்டுகளாக மாறவில்லை. வேறு யாரும் முன்வரவில்லை என்கிறார்கள். கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தால் பெண்கள் எப்படி முன்வருவார்கள் என்பதற்குப் பதில் இல்லை. வாட்ஸ்ஆப் குழுவில் பாதி நாள் காலை வணக்கப் படங்களே வருவதால் அவசரச் செய்தி அடியில் போய்விடுகிறது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். பட்டா, வரி, சாலை மட்டம் ஆகிய காகித வேலைகளுக்கு நாலரையும், வாடகைதாரரையும் பையன்களையும் நடத்தும் விதத்துக்கு இரண்டரையும் போட்டால் சராசரியாக வருவது அது. பாடியநல்லூர்க்காரர்கள் சேரலாம், ஆனால் துணைவிதி எழுதும் நாளிலேயே வாடகைதாரருக்கு ஓட்டும், செயலாளர் பதவிக்கு ஆண்டு வரம்பும், பூங்காச் சாவி இரண்டு தெருக்காரர்களிடம் என்பதும் உள்ளே வந்துவிட வேண்டும். பிறகு சேர்ப்பது கடினம். நாங்கள் நான்காண்டாக முயல்கிறோம்.

2026-ஆம் ஆண்டுச் சந்தா 600 ரூபாயை முழுதாகக் கட்டிவிட்டேன். ரசீதில் தேதி போடாமல் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டேன்.